அத்தானுக்கு எஞ்சின் மாட்டினோம்

எங்கள் அத்தான் வெர்லின் ஸ்டென்ஸ்ருட் மூன்று கோடைகாலமாக, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டு சாப்பிட்டவர். அது எப்பேர்ப்பட்ட அவமானம் என்பது விஸ்கான்சின்காரர்களுக்குத்தான் தெரியும். ஊதா என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மினசோட்டாக்காரர்களின் கால்பந்து அணியின் நிறம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஊதா டை கட்டி வந்த மாப்பிள்ளையைப் பெண்ணின் தகப்பனார் காரிலேயே உட்காரவைத்து, டையை மாற்றிய பிறகுதான் இறங்கவிட்டார்.

தொப்பிக்குக் காரணம் மல்லாந்தோர் சங்கம். அதற்கு நிஜப் பெயர் வேறு. இது நானும், அவர் மனைவியான என் அக்கா மார்வாவும் வைத்தது. படுக்கை சைக்கிள் ஓட்டுகிறவர்களாகச் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டம். ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி, இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதி நேரம் வானத்தைப் பார்த்தபடியே ஓட்டுகிற சைக்கிள் அது. முதுகு வலி, கழுத்து வலி, உட்காருமிடத்து வலி எல்லாம் வந்த பிறகும் சைக்கிளை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் வாங்குவது. சமதரையில் அம்பு மாதிரி போகும். ஏற்றத்தில்தான் வம்பு. சாதாரண சைக்கிள் என்றால் எழுந்து நின்று, உடம்பு எடையை எல்லாம் பெடல்மேல் போட்டு ஏறலாம். படுத்திருக்கிறவன் எங்கே எழுந்து நிற்பது?

எங்கள் ஊர் ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. சங்கம் சனிக்கிழமைதோறும் சாப்பிடப் போகிற வெர்ணா விடுதி முகட்டின்மேல் இருக்கிறது. நடுவில் இரண்டு மைல் ஏற்றம், வளைந்து வளைந்து. யார் கடைசியாக மேலே வந்து சேருகிறாரோ அவர் சாப்பாடு முடிகிறவரை ஊதாத் தொப்பி போட்டிருக்க வேண்டும். சட்டம் போட்டவர் சங்கத் தலைவர் ரோலண்ட் ப்ரோஹாஸ்கா. ஓய்வுபெற்ற பல் டாக்டர், அத்தானோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். எப்போதும் அவர்தான் முதலில் ஏறுவார். ஏறிவிட்டு விடுதி வாசலில் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராக வரவேற்பார்.

"ரெண்டு தொடைடா வெர்லின்! ஆண்டவன் குடுத்த ரெண்டு சிலிண்டர். அதுக்கு மேல மனுசனுக்கு என்ன வேணும்?"

அத்தான் ஆயுசெல்லாம் கூரை போடுகிற வேலை செய்தவர். இடது முட்டியை ஏதோ ஒரு கூரையிலேயே விட்டுவிட்டு வந்தவர். அவரால் பதில் சொல்ல முடியாது, மூச்சு வாங்கும். தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வார்.

ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் என் பட்டறைக்கு வந்தார். நான் புல் வெட்டுகிற மெஷின், மரம் அறுக்கிற ரம்பம், பனி தள்ளுகிற வண்டி எல்லாம் பழுது பார்க்கிறவள். அத்தான் கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதை மேஜையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"டார்லா, உங்கக்காகிட்ட சொல்லக்கூடாது."

"என்ன அத்தான், பெட்டிக்குள்ள வேற பொம்பளையா?"

"அதவிட மோசம்."

திறந்தேன். சைக்கிளுக்கு மாட்டுகிற எஞ்சின் செட். புல் சீவுகிற கைமெஷினில் இருக்குமே, அந்த அளவில் ஒரு குட்டி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிறு. வேகம் ஏறினால் தானாகக் கவ்விக்கொள்கிற கிளட்ச். ஒரு பெல்ட். பின்சக்கரத்து டயர்மேல் அழுந்திச் சுற்றுகிற இரும்பு உருளை. ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு பை நிறைய நட்டு போல்டு. கூடவே வந்த காகிதத்தில், இதைப் பொருத்த ஒரு மணி நேரம் போதும் என்று போட்டிருந்தது.

"இத மாட்டிட்டு ரோலண்டை முந்தப் போறீங்களா?"

"சேச்சே. அவ்வளவு ஆசையெல்லாம் இல்ல. கடைசிக்கு முன்னால வந்தா போதும். ஒரே ஒரு ஆளைத் தாண்டணும். ஒரு தடவையாவது என் சொந்தத் தலையோட உக்காந்து சாப்பிடணும் டார்லா."

சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதே சமயம் எனக்கு உள்ளங்கை அரித்தது. படுக்கை சைக்கிளுக்கு எஞ்சின் மாட்டி நான் பார்த்ததேயில்லை.

ஒரு மணி நேரம் என்று எழுதியவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சைக்கிளை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். அதில் சீட்டைத் தாங்குகிற குழாய் ஒன்று இருக்கும். எஞ்சினின் முன்காலை அதில் கவ்வ வேண்டும். அத்தானின் சைக்கிளில் அந்தக் குழாயே கிடையாது. வலைத்துணி கட்டின சாய்வு நாற்காலியும், அதைப் பின்னாலிருந்து தாங்குகிற இரண்டு கம்பிகளும்தான். கம்பியில் கவ்வினால் எஞ்சின் உதறுகிற உதறலில் நாற்காலி ஆடும். அத்தானை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கன்னம் இரண்டும் ஜெல்லி மாதிரி ஆடியது.

"எப்படி இருக்கு?"

"ப-ப-பல்லு கொ-கொட்டிரும் போ-போல."

"பரவால்ல. ரோலண்டுகிட்ட போனா சும்மா கட்டித் தருவாரு."

கம்பிகளை விட்டுவிட்டு, சட்டத்தின் அடிக்குழாயிலிருந்தே ஒரு தாங்கியை எழுப்பினேன். அத்தான் பிடித்துக்கொள்ள, நான் வெல்டிங் வைத்தேன். நடுவில் பழைய டிராக்டர் டியூபை வெட்டி மெத்தை மாதிரி வைத்த பிறகு ஆட்டம் அடங்கியது. அடுத்து கேபிள். கைப்பிடி இடுப்புக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, எஞ்சின் அதற்குக் கொஞ்சம் பின்னால்தான். ஆக, கேபிளில் பாதி மிச்சம். வெட்டிவிடலாம் என்றேன், அத்தான் கேட்கவில்லை. சுருட்டி உள்ளே கட்டிவிட்டார்.

"எஞ்சினை நிறுத்துற சுவிட்சை கைப்பிடிக்குக் கொண்டாந்துரலாம் அத்தான். ஒரு சிவப்புப் பொத்தான்."

"சிவப்புப் பொத்தான் இருந்தா ரோலண்டு கேக்க மாட்டானா, இது என்னன்னு? மிட்டாய்னு சொல்லவா?"

அதனால் சுவிட்சு எஞ்சினிலேயே பின்னால் இருந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது கைக்கு எட்டாது. ஆனால் கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் கிளட்ச் விட்டுவிடும், பிரேக் இரண்டும் ஜோராக இருக்கிறது, அது போதும் என்று நானும் விட்டேன்.

பெரிய வம்பு சைலன்சர். அது சரியாக அத்தானின் பிடரிக்கு நேராக வாயைத் திறந்துகொண்டிருந்தது. அத்தானுக்கு முன்னந்தலையில் போனதை ஈடுகட்டப் பின்னால் ஒரு குடுமி. முதல் சோதனையில் பட்டறையைச் சுற்றி ஒரு சுற்றுதான் போனார். கோழி வாட்டுகிற மணம் வந்தது. குடுமியில் கால்வாசி கருகிவிட்டது. சைலன்சரைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினேன். நடுவில் தடுப்புக்கு ஒரு தகடு வேண்டும் என்றேன். அத்தான் வீட்டுக்குப் போய் ஒரு கேக் தட்டை எடுத்துவந்தார். அது அக்காவுடையது. அவள் கிறிஸ்துமஸ் ரொட்டி சுடுகிற தட்டு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஓட்டை போட்டேன்.

எல்லாவற்றையும் மூட, காற்றைக் கிழிப்பதற்காகச் சில பேர் பின்னால் மாட்டுவார்களே, மீன் வால் மாதிரி ஒரு ஃபைபர் பெட்டி, அதை வாங்கி மாட்டினோம். அடியில் காற்றுப் போக ஓட்டைகள் வெட்டினேன். பார்த்தால் பந்தய சைக்கிள் மாதிரி இருந்தது. பெட்டிக்குள் எஞ்சின் இருக்கிறதென்று எவனும் சொல்லமாட்டான்.

ஸ்டார்ட் செய்கிறவரை. செய்தால், தேன்கூட்டைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, கதவு திறந்தது. அக்கா.

அவள் எங்களைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். கிட்டே வந்து குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என் தட்டு."

"மார்வா, நான் சொல்லிடறேன், இது வந்து..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"மூணு நாளா உங்க சட்டையில பெட்ரோல் நாத்தம். குடுமி தீஞ்சிருக்கு. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு விசிலடிச்சுக்கிட்டுக் கிளம்புறீங்க. நான் என்னத்த நெனைக்கிறது? சரி, தொலையட்டும். இந்தச் சத்தத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அதான் யோசிக்கிறோம்க்கா" என்றேன்.

அக்கா ஒரு நிமிஷம் சத்தத்தைக் கேட்டாள், பாட்டுக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து. பிறகு சொன்னாள், "போல்கா பாட்டு வை."

"என்னது?" என்றேன்.

"போல்காடி. அந்த அக்கார்டியனும் ஊதுகுழலும் சேர்ந்து கத்துற கத்துல இடி விழுந்தாலே தெரியாது. ஒரு ஸ்பீக்கரைக் கட்டி விடு. வயசான காலத்துல பாட்டுப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நெனைச்சுக்குவாங்க."

போட்டுப் பார்த்தோம். எஞ்சின் சத்தம் போல்காவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இன்னொரு வாத்தியம் மாதிரி. அத்தான் அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு சுற்று ஆடினார். "தட்டு புதுசா வேணும்" என்றாள் அவள், சுற்றிக்கொண்டே.

சனிக்கிழமை வந்தது. நானும் அக்காவும் வழக்கம்போல என் பிக்கப்பில் முன்னாலேயே மேலே போய், விடுதி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். அத்தானின் திட்டம் லேசானது. அடிவாரத்தில் எப்படியும் அவர் எல்லோருக்கும் பின்னால்தான் இருப்பார். அங்கே பாழடைந்த பால்பண்ணைக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் ஒதுங்கி, கயிற்றை இழுத்து, போல்காவைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியது.

முதலில் ரோலண்ட் வந்தார், ஒரு பொட்டு வேர்வை இல்லாமல். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். பிறகு வளைவுக்குக் கீழே அக்கார்டியன் கேட்டது. அத்தான் வந்தார். கால்கள் மெதுவாகச் சுற்றின. முகத்தில் ஞானிக்கு வருகிற மாதிரி ஒரு அமைதி.

"வெர்லின்! என்னடா இது பாட்டு?" என்றார் ரோலண்ட்.

"தாளத்துக்கு மிதிச்சா ஏத்தம் தெரியலடா" என்றார் அத்தான். மூச்சே வாங்கவில்லை. உள்ளே போய், வெறுந்தலையோடு நடுநாயகமாக உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால், கடைசியாக, ஆர்டிஸ் வந்தார்.

ஆர்டிஸ் நெல்ஸ்டாட் எழுபது தாண்டிய அம்மா. பாதி ஆயுசு பால் டாங்கர் லாரி ஓட்டினவர். மூன்று சக்கரம் வைத்த படுக்கை சைக்கிளில், அவசரமே இல்லாமல், பூவைப் பார்த்துக்கொண்டு மாட்டோடு பேசிக்கொண்டு ஏறுவார். இத்தனை நாளும் அத்தானுக்குச் சற்று முன்னால் வந்துகொண்டிருந்தவர். ரோலண்ட் தொப்பியை நீட்டினார். ஆர்டிஸ் வாங்கி, நரைத்த தலையில் போட்டுக்கொண்டு, தன் மீன் வறுவலைச் சாப்பிட உட்கார்ந்தார்.

அத்தானுக்குத் தட்டில் இருந்தது இறங்கவில்லை. பொரித்த பாலாடைக்கட்டியை இந்தப் பக்கம் உருட்டினார், அந்தப் பக்கம் உருட்டினார். இந்த ஒரு விஷயத்தை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. கடைசி ஆள் கடைசியில் இல்லை என்றால், அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்துதானே ஆகவேண்டும்?

சாப்பாடு முடிந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அத்தான் ஆர்டிஸிடம் போய் நின்றார். நான் கூடவே போனேன்.

"ஆர்டிஸம்மா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"எத்தனை சிசி?" என்றார் ஆர்டிஸ்.

அத்தான் கருகின குடுமியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"என் மூக்கு மேலயே புகையை விட்டுட்டுப் போறே. போல்கா பாட்டு என்னைக்குடா பெட்ரோல் நாறிச்சு? எத்தனை சிசி?"

"முப்பத்தஞ்சு" என்றேன் நான்.

"நீ மாட்டினியா? நல்லாத்தான் மாட்டியிருக்கே. பெல்ட் கிறீச்சுனு கத்தல." பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "ஏண்டா, எஞ்சினைக் கட்டிக்கிட்டு வந்து என்னையத்தான் தாண்டுவியா? என்னைத் தாண்டுறது ஒரு பொழப்பா? ஆமை கூடத் தாண்டிடுமே. தாண்டுறதுன்னா அவனைத் தாண்டு." தாடையால் ரோலண்டைக் காட்டினார். அவர் கொஞ்சம் தள்ளி நின்று, யாருக்கோ தன் தொடையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அது தப்பில்லையா?" என்றார் அத்தான்.

"தப்புத்தான். ஏற்கனவே பண்ணியாச்சே. அரைகுறையா ஏன் பண்றே?" ஆர்டிஸ் தன் சைக்கிளில் சாய்ந்துகொண்டார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா என் வாய்க்கு ஒரு கூலி உண்டு. அது என்னன்னு அப்புறம் சொல்றேன்."

அடுத்த சனிக்கிழமை வரை அத்தான் கால் தரையில் பாவவில்லை. பட்டறைக்கு வந்து பெல்ட்டைத் தடவிப் பார்ப்பார். உருளையைத் துடைப்பார். டயரில் காற்றை அழுத்திப் பார்ப்பார். அக்கா ஸ்பீக்கருக்குப் புதுப் பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்தாள், எல்லாம் அதிவேகப் பாட்டு.

அன்றைக்கு விடுதி வாசலில் நானும் அக்காவும் உட்காரவே இல்லை. கடைசி வளைவு தெரிகிற மாதிரி வேலியோரம் போய் நின்றுகொண்டோம். சாதாரணமாக முதலில் எட்டிப் பார்ப்பது ரோலண்டின் மஞ்சள் தலைக்கவசம்தான். அன்றைக்கு முதலில் வந்தது அக்கார்டியன். பிறகு பெரிய ஊதுகுழல். பிறகு, மலையே உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இரண்டு பேரும், பக்கத்தில் பக்கத்தில், வளைவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

அத்தான் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கியிருந்தார். கருகின குடுமி பின்னால் பறந்தது. அவருக்கு அரைச்சக்கர தூரம் பின்னால் ரோலண்ட். விடவேயில்லை. ஏற்றத்தில், மொபெட் வேகத்தில், அறுபத்தெட்டு வயசு மனிதர்.

"யம்மாடி, நிஜமாவே என்னா தொடைக்கா" என்றேன்.

அக்கா கண்ணைச் சுருக்கினாள். "டார்லா, அவர் காலைப் பாரு."

"எந்தக் காலை?"

"ரெண்டையும்."

பார்த்தேன். ரோலண்டின் வலது கால் பெடலிலிருந்து நழுவி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கால் பெடல்மேல் சும்மா இருந்தது. இரண்டு காலும் அசையவில்லை. ஆனால் ரோலண்ட் மேலே வந்துகொண்டே இருந்தார்.

"மோட்டார்!" என்று அக்கா கத்தினாள். "பேட்டரி மோட்டார்! சத்தமே போடாத மோட்டார்! அட படுபாவி ப்ரோஹாஸ்கா!"

அதே நேரம் வேலிக்கு நேராக வந்த ரோலண்டும் கழுத்தைத் திருப்பி அத்தானைப் பார்த்துக் கத்தினார், "எஞ்சின் வச்சிருக்கியாடா திருட்டுப்பயலே!"

"நீ மட்டும் என்னடா, ஆவி பிடிச்சா தள்ளுது?" என்று அத்தான் திருப்பிக் கத்தினார்.

விடுதி வாசல் வந்தது. இரண்டு பேரும் நிற்கவில்லை. "கேபிள் மாட்டிக்கிச்சு!" என்று எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே அத்தான் போனார். ரோலண்டுக்கு என்ன மாட்டிக்கொண்டதோ, அவரும் போனார். முகட்டுச் சாலையில் சோளக்காட்டுக்கு நடுவே இரண்டு தலைகளும் சின்னதாகி மறைந்தன. போல்கா மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

மற்றவர்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதையில் வேகம் கூடிக்கொண்டே போனது. நிதானமாக ஆர்டிஸும் வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டுவிட்டு, ஆச்சரியமே படாமல், "அவன் வேர்க்காததைப் பார்த்தப்பவே நெனைச்சேன்" என்றார்.

பாலாடைக்கட்டி இரண்டாவது தட்டு வரும்போது போல்கா திரும்பி வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அத்தான் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். அவருடைய வால் பெட்டியில் கட்டின கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி, மல்லாந்த நிலையிலேயே, ரோலண்ட் இழுபட்டு வந்தார். பேட்டரி தீர்ந்துவிட்டதாம். பேட்டரி தீர்ந்தால் அந்த சைக்கிள் அம்மிக்கல் மாதிரி.

இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆர்டிஸ்தான் தீர்ப்புச் சொன்னார்.

"இதுல என்ன குழப்பம்? இழுத்தவன் முன்னால வந்தான், இழுபட்டவன் பின்னால வந்தான். கடைசி ரோலண்டுதான். தொப்பியைக் குடு."

ரோலண்ட் தொப்பியை வாங்கிக்கொண்டார். சட்டம் அவர் போட்டது. தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அவர் தலையில் ஊதாவைப் பார்ப்பதற்கு மூன்று வருடமாகக் காத்திருந்த கூட்டம், அதைப் பார்த்தபோது ஏனோ சிரிக்கவில்லை.

"போன வருஷம் எனக்கு நெஞ்சுல குழாய் வச்சாங்க" என்றார் ரோலண்ட், தட்டைப் பார்த்தபடி. "ஏத்தம் மிதிக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. நான்தான் தலைவரு. கடைசியா வந்தா நல்லாவா இருக்கும்?"

"ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லலாம்ல?" என்றார் அத்தான்.

"நீ சொன்னியா, உன் முட்டியைப் பத்தி?"

"என் முட்டி நடக்கறப்பவே கடக்கு கடக்குனு சொல்லுதே. நான் வேற தனியா சொல்லணுமா?" அத்தான் எட்டி, ரோலண்டின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "குடு இங்க. உன் தலைக்கு இது செட்டாகல. எனக்குன்னா பழகின தலை."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். ரோலண்ட் தலைவர் பதவியை விடுகிறேன் என்றார். வேறு யாரும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லாததால் அது நிராகரிக்கப்பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற இனிப்பு வருவதற்குள் நான் அத்தானின் சைக்கிளைப் பார்க்கப் போனேன். கேபிள் மாட்டிக்கொண்டது என்றாரே, அதைச் சரிசெய்யாமல் இறக்கத்தில் போக விடக்கூடாது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது, விட்டதும் திரும்பி வந்தது. மறுபடி திருகினேன். பிரேக்கையும் பார்த்தேன். இரண்டும் கல் மாதிரி பிடித்தன.

நிமிர்ந்தேன். அத்தான் பின்னால் நின்றுகொண்டிருந்தார், ஊதாத் தொப்பியோடு.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு அத்தான்."

"தெரியும்."

"பிரேக்கும்."

"தெரியும் டார்லா." வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "முன்னால யாருமே இல்ல. வெறும் ரோடு. ரெண்டு பக்கமும் சோளம். எதுக்கு நிக்கணும், சொல்லு?"

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆர்டிஸ், கையில் தன்னுடைய தலைக்கவசத்தோடு.

"என் கூலி" என்றார்.

"என்ன வேணும் ஆர்டிஸம்மா? சொல்லுங்க" என்றார் அத்தான் தாராளமாக.

"ஒரு சுத்து. அந்தச் சோளக்காடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஆர்டிஸ் இரண்டு சக்கரப் படுக்கை சைக்கிளை ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டினவரிடம் அதை எப்படிக் கேட்பது? அதற்குள் ஆர்டிஸ் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டார். நான் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிடித்தது.

"பாட்டு வேணாம். எஞ்சின் சத்தம் கேக்கணும்" என்றார். முதல் பத்தடி பாம்பு மாதிரி நெளிந்தார். பிறகு நேராக்கிக்கொண்டு, காலைப் பெடலில் சும்மா வைத்துக்கொண்டு போனார்.

சோளக்காடு வந்தது. நிற்கவில்லை.

இனிப்பு வந்தது. ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டைச் சர்க்கரையோடு மாவுக்குள் வைத்துச் சுட்டது, விடுதிக்கார வெர்ணாவின் கைப்பக்குவம். தின்று முடித்தோம். காபி வந்தது. ஆர்டிஸ் வரவில்லை. அத்தான் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். "விழுந்து கிடப்பாங்களோ?" என்றார். "நீ விட்டிருக்கக்கூடாது" என்றார் ரோலண்ட். "நீ பேசாத. உன் பேட்டரி இருந்திருந்தா இப்பப் போய்த் தேடியிருக்கலாம்ல" என்றார் அத்தான். அக்கா இரண்டு பேரையும் அதட்டி உட்காரவைத்தாள்.

கடைசியில் விடுதியின் போன் அடித்தது. வெர்ணா எடுத்துக் கேட்டுவிட்டு, அத்தானிடம் சொன்னாள், "ஆர்டிஸ். பெட்ரோல் தீந்துபோச்சாம். கொண்டு வரச் சொல்றாங்க."

"எங்க இருக்காங்க?"

வெர்ணா ஊரைச் சொன்னாள். முகட்டைத் தாண்டி, அடுத்த பள்ளத்தையும் தாண்டி, அதற்கடுத்த முகட்டின் கீழே இருக்கிற ஆற்றங்கரை ஊர். சங்கத்தில் ஒருவரும் அவ்வளவு தூரம் போனதே கிடையாது.

நான் பிக்கப்பை எடுத்தேன். அத்தானும் ரோலண்டும் ஏறிக்கொண்டார்கள், நடுவில் பெட்ரோல் கேன். வழிநெடுக ரோலண்ட் எஞ்சினைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது, ஒரு தடவை ஊற்றினால் எவ்வளவு ஓடும், டயர் தேயாதா என்று. "பேட்டரின்னா பாதியில நின்னுடுதுடா" என்றார் வருத்தமாக.

ஆற்றங்கரையில் கஸ்டர்டு ஐஸ் விற்கிற கடை. அதன் முன்னால் மரத்தடியில் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்து பெஞ்சில் ஆர்டிஸ், காலை நீட்டிக்கொண்டு, பெரிய கோன் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் சிவந்திருந்தது. நரைமுடியில் பின்பக்கம் லேசாகப் பொசுங்கியிருந்தது.

"ஆர்டிஸம்மா! சோளக்காடு வரைக்கும்னுதானே சொன்னீங்க!" என்றார் அத்தான்.

"இங்க வரைக்கும் சோளக்காடுதாண்டா." கோனின் அடியைக் கடித்தார். "இறக்கத்துல பின்பிரேக் கொஞ்சம் ஊளையிடுது டார்லா, பார்த்துக்க. மத்தபடி நல்ல வேலை. ஊத்து."

நான் டாங்கியை நிரப்பினேன். சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்ற அத்தானும் ரோலண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வந்தார்கள். ஆர்டிஸ் அவர்களுக்கு நடுவில் புகுந்து, சாய்ந்து உட்கார்ந்து, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க வண்டியில போங்கடா, வயசான பசங்க. நான் இதுலயே வந்துடறேன். கயிறை இழு டார்லா."

இழுத்தேன். என்னால் மறுக்க முடியவில்லை. ஆர்டிஸ் சாலையில் ஏறி, இடது பக்கம் திரும்பினார்.

"வீடு வலது பக்கம்!" என்று அத்தான் கத்தினார். "ஆர்டிஸம்மா! வலது பக்கம்!"

ஆர்டிஸ் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். ஆற்றோரச் சாலையில் எஞ்சின் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

"டாங்கியை எவ்வளவு நிரப்பினே?" என்று கேட்டார் ரோலண்ட்.

"விளிம்பு வரைக்கும்" என்றேன்.

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய் மூன்று கோன் ஐஸ் வாங்கிவந்து, எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்.